மனநல சேவையைக் கேட்டு வாங்குவோம்: சட்டம் தந்ததும் கவுன்ட்டரில் கிடைப்பதும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 உலக மனநல நாள். கல்லூரி மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். மனநோயும் மற்ற நோய்களைப் போலத்தான், வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். தேவையான பேச்சுதான். அதைக் கேட்டு ஒருவர் துணிந்து அரசு மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனநல டாக்டர் இன்று வரமாட்டார், செவ்வாய்க்கிழமை வாங்க என்கிறார்கள். செவ்வாய் போனால் டாக்டர் இருக்கிறார், மாத்திரை இல்லை. வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்றாவது முறை அவர் வருவாரா?

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குச் சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள். சட்டம் தந்ததற்கும் கவுன்ட்டரில் கிடைப்பதற்கும் நடுவில் நின்று, விடாமல் கேட்கிற ஆட்கள்தான் ஊருக்கு ஊர் குறைவு. அந்த வேலையைச் செய்யப் பட்டமோ பதவியோ வேண்டாம். ஆனால் எங்கே, யாரிடம், எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக அது கண்டது. சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம் நோய்க்கு நோய் மாறினாலும், 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. தெரியாமையும் வெட்கமும் இதற்குக் காரணம் என்பது உண்மை. போன இடத்தில் கிடைக்காததும் ஒரு காரணம். ஊர்வலங்கள் முதல் காரணத்தைத்தான் தொடுகின்றன.

ஏர்வாடி சொல்லும் பாடம்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்று அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஓட முடிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த இப்படிப்பட்ட காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். மாநிலத்துக்குக் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்று 2002ல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்று சொன்ன 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது. சங்கிலியும் ரகசியம் இல்லை. தர்காவுக்கு வந்துபோன எல்லார் கண்ணிலும் பட்டதுதான். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கொட்டகைக்கு உரிமம் உண்டா, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்க ஆள் இல்லாமல் போனது.

பிள்ளையை அங்கே விட்டுப்போன குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரவெல்லாம் தூங்காமல் கத்துகிற மகனை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு டாக்டரும் இல்லாத ஊரில், கையில் இருந்த காசையெல்லாம் செலவழித்த பிறகு கடைசி நம்பிக்கையாக வந்தவர்கள் அவர்களில் பலர். கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் போவதை மட்டும் திட்டிப் பயனில்லை. வழிபாடும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. நம்பிக்கையோடு சண்டை போடாமல் சேவையை அங்கேயே கொண்டுபோன அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018ல் நடைமுறைக்கு வந்தது. இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் படிக்க வேண்டியது இதன் 18ஆம் பிரிவு. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அது. சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் அலையக் கூடாது, குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகிச்சை இலவசம். குறைந்தபட்ச சேவைகூட ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அங்குள்ள வேறு மனநல சேவையை நோயாளி நாடலாம், செலவை அரசு ஏற்க வேண்டும்.

அதே பிரிவின் 10ஆம் உட்பிரிவைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் எல்லாம், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், மனநோய் உள்ள எல்லாருக்கும், எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. எல்லா நேரமும் என்று சட்டமே சொல்கிறது. மாத்திரை இல்லை என்று கவுன்ட்டரில் சொல்லும் ஒவ்வொரு நாளும் இந்த உட்பிரிவு மீறப்படுகிறது.

இன்னும் பல இருக்கின்றன. 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தராமல் மின்னதிர்வு சிகிச்சை தருவதும் அதே பிரிவில் தடை. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இலவச சட்ட உதவிக்கு 27. சேவையில் குறை இருந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளர், அதற்கு மேல் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம் என்று படிப்படியாகப் புகார் செய்யும் உரிமைக்கு 28. தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல் துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது 100ஆவது பிரிவு.

மறுஆய்வு வாரியத்தில் நீதித் துறையினரும் டாக்டர்களும் கலெக்டரின் பிரதிநிதியும் மட்டும் உட்காருவதில்லை. மனநோயோடு வாழ்கிறவர், அவரைப் பார்த்துக்கொள்கிறவர், அல்லது அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பினர் ஆகியோருக்கு அதில் இரண்டு இடங்கள் உண்டு. மாநில ஆணையத்திலும் இவர்களுக்கு இடம் உண்டு. மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டாகிவிட்டது. உங்கள் மாவட்டம் எந்த வாரியத்தின் கீழ் வருகிறது, அந்த இரண்டு நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே உடைகிறது

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794ல் தொடங்குகிறது. நெடுங்காலம் மனநல சிகிச்சை என்றாலே ஊருக்கு வெளியே ஒரு பெரிய மதில் என்றுதான் இருந்தது. 1982ல் வந்த தேசிய மனநலத் திட்டம், சிகிச்சை மக்களிடம் போக வேண்டும் என்று திசையைத் திருப்பியது. 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு இருக்கும். தலைமை மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு நடத்திக்கொண்டு, குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போய்ப் பார்ப்பார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

அது உடைவது சின்னச் சின்ன இடங்களில். டாக்டர் மாற்றலாகிப் போகிறார், அடுத்தவர் வர மாதக்கணக்காகிறது. வாகனம் வேறு வேலைக்குப் போகிறது, தாலுகா நாள் தவறுகிறது. மாத்திரை சில நாள் இல்லாமல் போகிறது.

இந்த மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மனச்சிதைவு நோய் உள்ள மகனுக்காக ஓர் அம்மா மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருகிறார். அன்றைய கூலி போச்சு. ஓபி சீட்டில் ரிஸ்பெரிடோன், அதன் பக்கவிளைவான கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் என்று இரண்டு மருந்து எழுதியிருக்கிறது. ரிஸ்பெரிடோன் பத்து நாளைக்குத்தான் தருகிறார்கள், மீதிக்கு அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி கூலியை விட அவரால் முடியாது. என்ன செய்வார்? மாத்திரையைப் பாதியாக உடைத்து இருபது நாள் ஓட்டுவார். மகனுக்குத் தூக்கம் கெடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாக அவன் சொல்ல ஆரம்பிப்பான். இன்னும் சில வாரத்தில் ஆம்புலன்சில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அங்கே அந்த அம்மாவையே திட்டுவார்கள். சில ரூபாய் மாத்திரை இருபது நாள் இல்லாததன் விலை அந்தக் குடும்பத்தின் ஓர் ஆண்டு.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் கிடங்குகளிலிருந்து, அந்தந்த மருத்துவமனை கேட்டு அனுப்பும் அளவைப் பொறுத்து மருந்து வருகிறது. ஆகவே இல்லை என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: மருத்துவமனை குறைவாகக் கேட்டிருக்கலாம், கிடங்கில் இல்லாமல் இருக்கலாம், கொள்முதலே தாமதமாகியிருக்கலாம். மூன்றுக்கும் கதவு வேறு வேறு. எது என்று தெரியாமல் போராட்டம் அறிவித்தால், கவுன்ட்டரில் இருக்கும் மருந்தாளுநர்தான் திட்டு வாங்குவார், மாத்திரை வராது.

கேட்கும் முறை

முதல் வேலை உட்கார்ந்து கேட்பது. புறநோயாளி நாளன்று வெளியே மரத்தடியில் காத்திருக்கும் குடும்பங்களோடு நாலு வாரம் பேசினாலே அந்த ஊரின் குறை எது என்று தெரிந்துவிடும். ஓர் ஊரில் மருந்து, இன்னோர் ஊரில் பஸ், மற்றோர் ஊரில் பெண்களுக்குத் தனி வார்டு இல்லாதது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடைக்க வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு காலைக்குள் அத்தனை பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய அவர், மேலிடத்துக்கு எழுதி எழுதிச் சலித்திருக்கலாம். உள்ளிருந்து அவர் கேட்பதை வெளியிலிருந்து மக்களும் கேட்டால் கோப்பு நகரும். என்ன கேட்டால் பயன்படும் என்று அவரே சொல்லிவிடவும் கூடும்.

அடுத்து ஆதாரம். எந்தத் தேதியில், எந்த மருந்து, எத்தனை நாளைக்கு எழுதி எத்தனை நாளைக்குத் தந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெயர் வேண்டாம், தேதியும் மருந்தும் போதும். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் அலுவலகத்துக்கு. தவறான அலுவலகத்துக்குப் போனால் சரியான இடத்துக்கு அவர்களே ஐந்து நாளில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஏன் மருந்து தட்டுப்பாடு என்று கேட்டால், தட்டுப்பாடு இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். கடந்த ஆண்டு ஏப்ரல் முதல் இந்த ஆண்டு மார்ச் வரை, ரிஸ்பெரிடோன், ஒலன்சபைன், லித்தியம் ஆகிய மருந்துகளின் மாதக் கடைசி இருப்பு என்ன, எந்தத் தேதிகளில் எவ்வளவு வேண்டும் என்று எழுதப்பட்டது, எந்தத் தேதிகளில் எவ்வளவு வந்து சேர்ந்தது, இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேட்டால் நழுவ இடமில்லை. நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள். தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கையில் தாள் வந்த பிறகு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரே பக்க மனு, மேலே 18ஆம் பிரிவின் 10ஆம் உட்பிரிவு, கீழே நோட்டில் குறித்த தேதிகள், இணைப்பாகப் பதிவேட்டு நகல். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்து எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

கிராம சபையைப் பலரும் ரோடு, தெருவிளக்குக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டில் கூடுகிறது. எங்கள் ஒன்றியத்துச் சமுதாய சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் வர வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த, மாதாமாதம் மாறாத மனநல மருந்தும் உங்கள் ஊருக்கு அப்படி வருகிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. பல ஊர்த் தீர்மானங்கள் சேர்ந்தால் எம்எல்ஏவால் அதைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்ப முடியும்.

யார் பேசுவது

மனநோயோடு வாழ்ந்து தேறியவர்கள் முன்னால் நிற்க வேண்டும், அடுத்து குடும்பத்தினர், அவர்களுக்குப் பின்னால் நம்மைப் போன்றவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993ல் வீடற்ற, மனநோய் உள்ள பெண்களுக்காகப் பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து ஆஷா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பல ஆண்டுகளாகப் பழகியவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

குடும்பத்தின் குரலும் நோயாளியின் குரலும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அப்பா அட்மிட் பண்ண வேண்டும் என்பார், மகள் வேண்டாம் என்பார். அப்பாவின் களைப்பும் உண்மை, மகளின் பயமும் உண்மை. நலமாக இருக்கும்போதே, எனக்கு நோய் முற்றினால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், என் சார்பில் இவர் பேசட்டும் என்று எழுதி வைக்கச் சட்டம் வழி தருகிறது. இதைச் சொல்லும் 5ஆம் பிரிவையும் 14ஆம் பிரிவையும் பற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசவைப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். சண்டை நடக்கும் இரவில் அதைப் பேச முடியாது.

போட்டோ எடுக்காதீர்கள். கலெக்டரிடம் மனு கொடுக்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, அதில் இருக்கும் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால் யார் பதில் சொல்வது? சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தருவதைச் சட்டமே தடுக்கிறது. நேற்று சம்மதித்தவர் இன்று வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது.

மருந்தை நிறுத்தச் சொல்வதும், இன்ன நோய் என்று பெயர் வைப்பதும் நம் வேலை இல்லை. உயிரை விடப்போகிறேன் என்று யாராவது சொன்னால் தனியே சமாளிக்க நினைக்காமல் உடனே அவரோடு இருந்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் அரசின் தொலைபேசி மனநல சேவையான டெலி மானஸ் இரவு பகல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவமனைக்கு வெளியே

மனநல சேவைக்காகக் குரல் கொடுப்பது ஆஸ்பத்திரி வாசலோடு முடிவதில்லை. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளை ஓர் ஆண்டு வீட்டில் உட்கார வேண்டியிருந்த காலம் உண்டு. தேர்வு முடிவு வரும் நாட்களில் எத்தனை பிள்ளைகளை இழந்தோம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தோற்றவர்கள் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று வலியுறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் அந்தத் துணைத்தேர்வு வந்தது. ஆண்டை இழக்காமல் கல்லூரிக்குப் போகலாம் என்றானது. ஒரு கட்டில்கூடப் போடாமல், ஒரு மாத்திரைகூடத் தராமல் உயிர்களைக் காக்கும் மாற்றம் அது. பள்ளிக் கல்வித் துறையில் கேட்டு வாங்கியது.

தேறியவர் வாழ இடமும் வேலையும் வேண்டும். பான்யனின் ஹோம் அகெய்ன் திட்டத்தில், நெடுநாள் மருத்துவமனையில் இருந்தவர்கள் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். சமூகத்தோடு வாழும் உரிமை என்று 19ஆம் பிரிவு சொல்வதை நடத்திக் காட்டும் வேலை அது. இன்னொரு பக்கம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். ஆனால் வெளியே தெரியாத இந்தக் குறைபாட்டுக்கு அந்தச் சான்று வாங்க அலைந்து அலைந்து விட்டுவிட்டவர்கள் ஏராளம். மருத்துவச் சான்று முகாமில் மனநல மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்பதே பல ஊர்களுக்கு நல்ல முதல் கோரிக்கையாக இருக்கும்.

இதற்கெல்லாம் காலக்கெடு ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்கள் இருக்க, மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. அந்தப் பத்தாண்டு 2028ல் முடிகிறது. உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, இன்று நிரம்பியிருப்பது எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி? இந்த மூன்று கேள்விகளும் ஒரே தாளில் அடங்கும். 10 ரூபாய் வில்லை ஒட்டி இந்த வாரமே அனுப்பலாம்.